இறங்க எத்தனை மணி நேரம்

தூங்கி எழுந்து குளித்துவிட்டால் முதல்நாள் குடித்தது போய்விடும் என்பது பால் வண்டி ஓட்டுநரின் இருபது வருட நம்பிக்கை. அன்று காலை ஏழு மணிக்குக் காவலர் நீட்டிய கருவியில் ஊதினார். அது கத்தியது.

“நேத்து குடிச்சது சார். குளிச்சுட்டுதான் வந்தேன்.”

“குளிச்சது உடம்புண்ணே. ரத்தம் குளிக்கலையே.”

நீதிமன்றம் அபராதம் விதித்து, உரிமத்தையும் ஆறு மாதம் முடக்கியது. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்ட பால் பண்ணைக்காரர், அதுவரை சைக்கிளில் வீடு வீடாகப் பால் போடச் சொன்னார். பிழைப்பு ஆட்டம் கண்டும் அவரைக் குடைந்தது ஒரே கேள்விதான்: குடித்தது ரத்தத்தைவிட்டு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? வக்கீல் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டார்.

“மத்தவங்களுக்கு எப்படியோ, உங்களுக்கு ஆறு மாசம்னு ஜட்ஜே சொல்லிட்டாரே,” என்றபடி சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை அவர் கையில் கொடுத்தாள்.