கார்க் கண்ணாடிக்கு ஒரு சிரட்டைச் சாம்பல்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஆயுதபூசைக்கு முதல்நாள், கிளிநொச்சியில் நடந்தது இது. அப்போது நான் கண்டி வீதியோரம் நின்று வாடகைக்குக் கார் ஓடிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அண்ணன்மாரும் வயலில் இறங்கினார்கள். எனக்கும் சேற்றுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் சண்டை பிடித்து, ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கி, அதுவே கதியென்று கிடந்தேன். நான் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்து அம்மா, "உந்தத் துடைப்பிலை பாதியை உன்ரை முகத்துக்குத் துடைச்சாலும் ஒரு பொம்பிளை கிடைக்கும்" என்று சொல்வார்.

அந்த நாளில் காரை மினுக்குவதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து, பாதி மண்ணெண்ணெயும் பாதி தேங்காயெண்ணெயும் கலந்த கலவைதான். காலையில் பூசினால் முகம் பார்க்கலாம். மத்தியானத்துக்குள் கண்டி வீதித் தூசி முழுவதும் அதில் வந்து குடியேறிவிடும்.

என் காருக்கு வேலை செய்கிற கராச்காரர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர். அவருடைய வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடலில் தலை சுற்றும். சேற்றுக்குப் பயந்த நானும் அலைக்குப் பயந்த அவரும் கூட்டாளிகள் ஆனதில் வியப்பில்லை. கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய மச்சான் அந்த முறை இரண்டு டின் பொலிஷ் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒன்று பசை மாதிரி, மற்றது பால் மாதிரி. டின்னில் எழுதியிருந்த மொழி எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆயுதபூசைக்குக் கார் பளபளக்க வேண்டும் என்று நான் போய் நின்றபோது, "உம்மடை காரிலைதான் பூசிப் பாக்கப் போறன், சம்மதமோ?" என்று கேட்டார். எனக்குக் கரும்பு தின்னக் கூலியா என்றிருந்தது.

அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் டிக்கி மூடியின் உட்பக்கம், யாருக்கும் தெரியாத மூலையில், பழைய வேட்டித் துண்டால் கொஞ்சம் பூசிக் காயவிட்டார். நிறம் போகவில்லை. பிறகு பொனட்டில் பாதிக்கு எங்கள் பழைய எண்ணெயையும் மற்றப் பாதிக்குப் புதுப் பொலிஷையும் பூசி, காரை வீதியோரம் வெயிலில் விட்டோம். பஸ்சும் லொறியும் போகப் போக எண்ணெய்ப் பக்கம் செம்மண் படிந்தது. பொலிஷ் பக்கத்தில் படிந்ததை அவர் வாயால் ஊத, பறந்து போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கார் முழுவதும் பூசினோம்.

"கண்ணாடிக்கும் பூசிப் பாப்பமோ?" என்றார்.

"பாக்கிறதென்ன, பூசும்" என்றேன்.

பூசினார். கைநிறையத் தூசி அள்ளி முன்கண்ணாடியில் எறிந்து பார்த்தோம். ஒன்றும் ஒட்டவில்லை. வெயிலைக் காட்டிப் பார்த்தோம், தூசியைக் காட்டிப் பார்த்தோம். தண்ணீரைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சித்திரைக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒழுங்கான மழை இல்லை. கிணறெல்லாம் அடியில் கிடந்தது. கார் கழுவுவது என்றால் ஈரத்துணியால் துடைப்பது என்றுதான் எங்களுக்குப் பொருள். வைப்பரைப் போன மாரிக்குப் பிறகு நான் தொட்டதே இல்லை.

நாங்கள் காரைச் சுற்றிச் சுற்றி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து இறங்கினார். கண்டாவளையில் வயல் செய்கிறவர்.

"அண்ணை, கார் வேணும். மனுசிக்கு விடியத் தொடக்கம் வருத்தம். பிள்ளை குறுக்கை கிடக்காம். மருத்துவிச்சி தன்னாலை ஏலாதெண்டிட்டா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகட்டாம்."

சைக்கிளைக் கராச்சில் போட்டுவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கண்டாவளைக்குப் போகும்போது வானம் கிழக்கே கறுத்துக் கிடந்தது. மழை வரப்போகிறது, வயலுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

பெண்ணைப் பின் இருக்கையில் தாயின் மடியில் தலை வைத்துக் கிடத்தினோம். அவளுக்கு இருபது வயதுகூட இராது. முதல் பிள்ளை. வலி வரும்போது தாயின் கையைப் பிடித்துக் கத்தினாள். புருஷன் என் பக்கத்தில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. ஆறு மாதமாக வராத மழை, எல்லாம் சேர்த்து ஒன்றாக வந்தது.

வைப்பரைப் போட்டேன். அது ஒருமுறை போய் வந்ததும் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போலாகிவிட்டது. இன்னொரு முறை போய் வர, இன்னும் மோசம். முன்னால் வீதியும் இல்லை, மரமும் இல்லை, ஒரே வெள்ளை. இறங்கி என் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். சட்டையில் பிடிக்கவில்லை, கண்ணாடியில்தான் இன்னும் பரவியது. தலையை வெளியே நீட்டி ஓடப் பார்த்தேன். மழை கல்லால் எறிவது போல் கண்ணில் அடித்தது.

புருஷன் இறங்கினார். தோளில் இருந்த வெள்ளைச் சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தார். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மெல்ல உருட்டினேன். ஆனால் கண்ணாடியும் வெள்ளை, மழையும் வெள்ளை, சால்வையும் வெள்ளை. ஓரிடத்தில் அவர் பொனட்டில் ஓங்கி அடித்துக் கத்தினார். பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் முன்சில்லு மதகின் விளிம்பில் நிற்கிறது. கீழே வாய்க்கால் புரண்டு ஓடுகிறது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் நாலு பேரும் அதற்குள்தான்.

காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன், பின் இருக்கையில் கத்தல் நின்றிருந்தது. அதுவரை கத்திக்கொண்டு வந்த பெண் முனகத் தொடங்கியிருந்தாள். "பிள்ளை, கண்ணை முழி, கண்ணை முழி" என்று தாய் அவளுடைய கன்னத்தில் தட்டினார். நான் ஆசையாகப் பூசச் சொன்ன பூச்சு இரண்டு உயிரை நடுவழியில் கட்டிப் போட்டிருந்தது.

வேலிக்கு அப்பால் ஒரு வீடு தெரிந்தது. நான் அங்கே திரும்பியதும் தாய் பதறினார்.

"தம்பி, உங்கை போகாதேங்கோ! தோரணத்தைப் பாருங்கோ, செத்தவீடு. பிள்ளைத்தாச்சியைக் கொண்டு வந்து உதிலை நிப்பாட்டக் கூடாது!"

உண்மைதான். வேலிப் படலையில் சாவுத்தோரணம் நனைந்து தொங்கியது. உள்ளே பந்தல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கண் தெரியாமல் எங்கையம்மா ஓடுறது?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். யாரில் கோபம் என்று எனக்கே தெரியாது. தாய் சேலைத் தலைப்பால் மகளின் முகத்தை மூடினார்.

ஆண்கள் எல்லோரும் சவத்தோடு சுடலைக்குப் போனவர்கள், மழையில் இன்னும் திரும்பவில்லை. பெண்கள் மட்டும் இருந்தார்கள். சட்டையில்லாமல் நனைந்து போய் முற்றத்தில் நின்று, "தேய்ச்சுக் கழுவ ஒரு துண்டுச் சவர்க்காரம் இருந்தால் தாருங்கோ. காரிலை பிள்ளைத்தாச்சி. கண்ணாடியிலை எண்ணெய்ப் பூச்சுப் பிடிச்சு வழி தெரியேல்லை" என்று கேட்டேன்.

உள்ளே இருந்து ஒரு பெண் எழும்பி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவிழ்ந்த தலை, வெறும் நெற்றி, வீங்கிய கண். செத்தது அவருடைய புருஷன் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நீ இரு பிள்ளை. நீ வெளியிலை வரப்படாது" என்று யாரோ அவரைத் தடுத்தார்கள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எண்ணெய்ப்பிடிக்குச் சவர்க்காரம் கேக்காது. சட்டியிலை பிடிச்சால் நாங்கள் என்னத்தாலை தேய்க்கிறது? நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. இனசனம்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அந்தக் குளிர்ந்த அடுப்பிலிருந்து சாம்பலைச் சிரட்டையில் வழித்து, மேலே ஒரு பிடி தேங்காய்த் தும்பும் வைத்து, மழையில் நனையாமல் சேலையால் மூடிக்கொண்டு வந்தார். நான் காரடிக்கு ஓடினேன். பின்னால் வந்தவர் படலைக்கு நாலு முழம் உள்ளேயே நின்றுவிட்டார். சிரட்டையை நிலத்தில் வைத்து அதற்கு மேல் ஒரு பனை வடலியோலைத் துண்டை வைத்து மூடினார்.

"நீங்கள் வந்து எடுங்கோ. நான் கிட்ட வரமாட்டன். அந்தப் பிள்ளை என்ரை முகத்திலை முழிக்கக் கூடாது" என்று சொல்லி, காருக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார்.

நான் சாம்பலைத் தும்பில் தொட்டு ஆவேசமாகத் தேய்த்தேன். முதல் சிரட்டை கூழாகிப் போனது. திரும்பிப் பார்த்தேன், ஓலைக்குக் கீழே அடுத்த சிரட்டை இருந்தது. அது முடியும் தறுவாயில் தும்பு கண்ணாடியில் 'கிறீச்' என்றது. என் வாழ்நாளில் அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. மழை சாம்பலைக் கழுவிக்கொண்டு போக, வீதி தெரிந்தது.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். செத்தவீட்டில் விடைபெறக் கூடாது, 'போயிட்டு வாறன்' என்று சொல்லக் கூடாது, பேசாமல் திரும்பிவிட வேண்டும் என்ற முறை அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. அவருக்கும் அது தெரியும். அவர் முதுகு காட்டி நின்றபடியே நின்றார். நான் ஒரு சொல்லும் சொல்லாமல் காரை எடுத்தேன். பின்னால் தாய் விம்மி விம்மி அழுதார்.

அந்தப் பொழுது சாய முதல் கிளிநொச்சி ஆசுபத்திரியில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பெற்றவளும் தப்பினாள். தாதி வந்து சொன்னதும் புருஷன் அந்த நனைந்த சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார்.

அடுத்தநாள் விடிய, ஆயுதபூசைக்கு முதல், கராச்காரர் ஒரு தகரப் பேணியில் சாம்பலோடு என் வீட்டுக்கு வந்தார். இரவே நடந்ததைச் சொல்லியிருந்தேன். நான் துணியை எடுக்க, "விடும். நான் பூசினது, நான் துடைக்கிறன்" என்று சொல்லி, முன்னும் பின்னும் பக்கமும் உள்ள கண்ணாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எங்கள் ஊர் வழக்கில் பிள்ளை பிறந்த வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு; சாவு விழுந்த வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. இரண்டு வீட்டுத் துடக்கும் ஒன்றாக ஓடி ஒரே கிழமையில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் பிள்ளை பெற்றவளின் தாய் கார் நிற்கிற இடத்துக்கு வந்தார்.

"தம்பி, எங்கடை துடக்குக் கழிஞ்சுது. அங்கையும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சிருக்கும். எங்களை அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ."

எங்கே என்று நான் கேட்கவில்லை.

படலையில் தோரணம் இல்லை. கார்ச் சத்தத்துக்கு எட்டிப் பார்த்த அந்தப் பெண், மகளின் கையில் குழந்தையைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். புருஷனை இழந்தவர்கள் அந்த நாளில் பச்சைக் குழந்தைக்கு முன்னால் வரமாட்டார்கள். அன்று செத்தவீட்டில் நிற்காதே என்று கத்திய தாய், மகளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு விறுவிறென்று உள்ளே போய் அவருடைய கையில் வைத்தார்.

"நான் தூக்கலாமோ அம்மா?"

"நீங்கள் தூக்காட்டில் இதை வேறை ஆர் தூக்கிறது?"

அவர் குழந்தையை மார்போடு அணைத்து அதன் உச்சியை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்டைக்குத் தந்த சாம்பல், அவருக்குக் கடைசியாக் கஞ்சி வைச்ச நெருப்பின்ரை சாம்பல் தம்பி. கஞ்சியை அவர் குடிக்கேல்லை. வீணாப் போச்செண்டு நினைச்சிருந்தன்" என்றார்.

புறப்படும்போது அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரடி வரைக்கும் வந்தார். இந்த முறை முதுகு காட்டவில்லை. நான் காரை எடுக்க முதல், அன்று நெஞ்சோடு விழுங்கிய சொல்லைச் சொன்னேன்.

"போயிட்டு வாறம் அக்கா."

"ஓம். போயிட்டு வாங்கோ" என்றார்.

எத்தனையோ கார் மாற்றிவிட்டேன், எத்தனையோ வகைப் பொலிஷும் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் ஆயுதபூசையன்று காருக்குச் சந்தனம் வைக்க முதல் முன்கண்ணாடியை அடுப்புச் சாம்பலால்தான் துடைக்கிறேன். தன் உலகமே இருண்டுபோன அன்றைக்கும் இன்னொருத்திக்கு வழி தெரிய வேண்டும் என்று மழையில் இறங்கி வந்த அந்த மனம் எனக்குக் கால்வாசியாவது வராதா என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை.