கடையோடு வந்த போர்டு

எங்கள் பூண்டு ஊறுகாயில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று பெங்களூரிலிருந்து ஒரு பெண்மணி போனில் என்னைக் காய்ச்சி எடுத்தபோது, நான் தென்காசி பஸ் நிலையத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். திட்டியதில் பாதியை ஏற்றுக்கொண்டு மன்னிப்பும் கேட்டுவிட்டேன். என்னைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் திட்டுவார்கள் என்பது என் அனுபவம். சுண்டல் தீர்ந்த பிறகுதான் மூளைக்கு உறைத்தது. நாங்கள் பூண்டு ஊறுகாய் போடுவதே இல்லை.

நானும் என் மனைவியும் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு ஆன்லைனில் விற்கிறோம். புளியங்குடிக்குப் போய் காய் எடுத்து வருவேன். அவள் நறுக்கி, உப்பு போட்டு, வெயில் காட்டி, தாளிப்பாள். நான் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவேன், பார்சல் கட்டுவேன், ருசி பார்ப்பேன். கடைசியாகச் சொன்ன வேலைக்கு மட்டும் நான் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை.

கடையின் பெயர் 'மறுசோறு'. வைத்தவள் அவள். மூலதனம் என் வயிறு. முதல் ஜாடியைத் திறந்த அன்று மூன்றாம் முறையாகத் தட்டை நீட்டினேன். "மறுசோறு மறுசோறுன்னு பானையைக் காலி பண்ணிட்டியளே, இதையே பேரா வச்சிருவோமா?" என்றாள். அவள் சொன்னது கேலி. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மறுநாளே ஸ்டிக்கர் அடித்துவிட்டேன். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' ஒன்றையும் போட்டேன். பெரிய கம்பெனி பாட்டில்களில் பார்த்திருக்கிறேன். நெற்றிப் பொட்டு மாதிரி லட்சணமாக இருந்தது.

பெங்களூர் அம்மையார் போனை வைத்ததும் இன்ஸ்டாகிராமில் தேடினேன். 'மறுசோறு' என்று இன்னொரு பக்கம். எங்கள் ஸ்டிக்கரில் உள்ள அதே மஞ்சள் எழுத்து. எலுமிச்சை, பூண்டு, மாங்காய், இஞ்சி என்று வகைவகையாகப் பாட்டில்கள். போன் நம்பர் யாரோ ஒருவனுடையது, ஆனால் அந்த அம்மாளைப் போல ஏமாந்தவர்கள் கூகுளில் பெயரைத் தேடி என்னைப் பிடித்துத் திட்டுகிறார்கள். விலாசம் குற்றாலம். கடை எண்ணைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அது நாங்கள் இருந்த கடை.

இந்த இடத்தில் என் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். அதற்கு முந்தைய சீசனில், ஆன்லைனில் மட்டும் இருந்தால் போதுமா, நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா என்று குற்றாலத்தில் ஒரு தகரக் கடையை ஏலத்தில் எடுத்தோம். இரும்புச் சட்டத்தில் ஆறடி ஃபிளெக்ஸ் போர்டு மாட்டினோம். சீசன் முடிந்த அன்று, ஜாடிகளோடு சேர்த்து அந்தப் போர்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனேன். கண்டக்டர் என்னையும் போர்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டுல ஒண்ணுதாம்வே ஏறும்" என்றார். போர்டைத் திரும்பவும் கடையிலேயே மாட்டிவிட்டு வந்தேன். மனைவி கேட்டதற்கு, "கிடக்கட்டும், வருசம் பூரா ஓசி விளம்பரம்" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

குற்றாலத்தில் சீசன் கடை கைமாறும்போது அதில் ஆணியடித்த அத்தனையும் கைமாறும். பலகை, பல்பு ஹோல்டர், கொடிக்கயிறு, போர்டு எல்லாம். எண்ணெய் தேய்த்துவிடுகிற இடத்துக்கு மேலே செருப்புக் கடை போர்டு தொங்கும். பழக்கடைக்கு மேலே துண்டு, பனியன் என்று எழுதியிருக்கும். யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. போர்டு என்பது சாரலுக்கு மறைப்பு, அவ்வளவுதான். இது தெரிந்தும் என் பெயரை அங்கே ஆணியில் மாட்டிவிட்டு வந்தவன் நான்.

மறுநாள் காலை குற்றாலம் போனேன். பஸ்ஸில் நின்றபடி வசனமெல்லாம் தயார் பண்ணியிருந்தேன். கடையில் இருந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வாங்க அண்ணாச்சி, இஞ்சி தொக்கு ருசி பாக்குதியளா?" என்றான். வசனம் பாதி அங்கேயே போயிற்று. தொக்கு நன்றாக இருந்ததில் மீதியும் போயிற்று.

விரலை நக்கி முடித்துவிட்டு, "தம்பி, அந்தப் பேரு என் பேரு" என்றேன்.

"இல்லையே அண்ணாச்சி. போர்டு கடையோட வந்தது."

"போர்டு வந்தா பேரும் வந்திருமா? நாளைக்கு என் சட்டையை இங்கன மறந்து வச்சுட்டுப் போனா என் பொண்டாட்டிக்கிட்ட போயி நாந்தான் உம் புருசன்னு சொல்லுவியா?"

அவன் சிரித்தான். "பேரு நல்லா இருந்துச்சு, ஊறுகாய்க்குப் பொருத்தமாவும் இருந்துச்சு. அதனாலதான் பலசரக்கு போட வந்தவன் ஊறுகாய் போட்டேன். டிரேட்மார்க்குக்கும் எழுதிப் போட்டாச்சு அண்ணாச்சி. கெடைச்சதும் நீங்கதான் வேற பேரு பாக்கணும். அண்ணாச்சிங்கிறதுனால முன்கூட்டியே சொல்லுதேன்."

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கொன்றது. என் வயிற்றில் பிறந்த பெயரை எடுத்துக்கொண்டு, எனக்கே மரியாதையாக முன்னறிவிப்பு கொடுக்கிறான். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் நீட்டிய டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் மனைவி டீக்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை. "நாலு வருசமா எம் கையி உப்புலயும் காரத்துலயும் வெந்து கெடக்கு. பேரு அவனுக்கா? ஜனங்க பேரைப் பாத்துத்தானே வாங்குதாவ? அது போனா நாளைக்கு யாரு நம்மளைத் தேடி வருவா? நீங்க என்ன செய்வியளோ தெரியாது, அது நம்ம பேரா இருக்கணும்" என்றாள். அன்று எனக்கு மறுசோறு கிடைக்கவில்லை.

தென்காசியில் ஒரு இளம் வக்கீலம்மாவிடம் போனோம். அவர் முதலில் எங்கள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வட்டத்துக்குள்ள ஆர் எதுக்கு சார்?"

"அழகுக்கு மேடம்."

"பதிவு செய்யாம இதைப் போடுறதே குற்றம். முதல்ல இதை எடுங்க."

திருடனைப் பிடிக்க ஆள் கூட்டப் போனவன் கையில் விலங்கு மாட்டிய மாதிரி ஆயிற்று. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஆனால் வக்கீலம்மா நல்ல சேதியும் சொன்னார். அவன் விண்ணப்பம்தான் போட்டிருக்கிறான், பதிவு இன்னும் கிடைக்கவில்லை. டிரேட்மார்க் ஜர்னலில் அந்தப் பெயர் வெளியானதும், நாலு மாதத்துக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். அவனுக்கு முன்பிருந்தே நாங்கள் அந்தப் பெயரில் விற்கிறோம் என்று காட்டிவிட்டால் எங்கள் பக்கம் பலம். "தேதியோட ஆதாரம் கொண்டுவாங்க. பில், கூரியர் ரசீது, பழைய போஸ்ட், எதுவானாலும்."

எதுவானாலும் என்று அவர் சொன்னது என்னைத் தெரியாததால். பில் புத்தகத்தில் கடைப் பெயரே கிடையாது. பெயர் பாட்டிலில்தான் இருக்கிறதே என்று வெறும் புத்தகம் வாங்கியிருந்தேன். கூரியர் ரசீதுகள் ஒரு சாக்கு இருந்தன. அனுப்புநர் என்ற இடத்தில், கவுண்டரில் இருப்பவர் எல்லா ரசீதிலும் 'ஊறுகாய் அண்ணாச்சி' என்று எழுதியிருந்தார். இத்தனை நாள் அதை ஒரு பட்டம் மாதிரி நினைத்துப் பூரித்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமின் பழைய படங்களையோ, பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழித்திருந்தேன். பெயரைத் திருடியவன்கூட எனக்கு இவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

ஒரே ஒரு படம் மிஞ்சியது. அதுவும் என் பக்கத்தில் இல்லை, மைத்துனரின் ஃபேஸ்புக்கில். கடை தொடங்கிய புதிதில் எல்லோரும் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். உடம்பு முழுக்க எண்ணெய், இடுப்பில் ஒரு துண்டு, கையில் முதல் பாட்டில். தொப்பையை மறைத்துப் பிடியுங்கள் என்று மனைவி சொல்ல, நானும் பிடித்தேன். பாட்டில் மறைத்தது தொப்புளை மட்டும். ஆனால் 'மறுசோறு' என்ற எழுத்து பளிச்சென்று தெரிந்தது. மைத்துனர் அதை 'யானைக் குளியல்' என்று தலைப்புப் போட்டு, அன்றைய தேதியிலேயே ஊருக்குக் காட்டியிருந்தார். அதை அழிக்கச் சொல்லி அவரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவன் நான். இப்போது போன் செய்து, "மச்சான், தயவுசெஞ்சு அதை அழிச்சிராதிய" என்று கெஞ்சினேன்.

வக்கீலம்மா படத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். பிரமாணப் பத்திரத்தோடு அதைக் கலரில் அச்செடுத்து நோட்டரியிடம் கொண்டுபோனோம். அந்தப் பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "இது நீருதானா வே? சட்டை போட்டுட்டு வந்திருக்கீரே, எப்படி நம்ப?" என்றார். கோர்ட் வளாகத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெயரைக் காப்பாற்ற மானத்தைக் கொடுத்தேன். முத்திரை குத்தினார், அது சரியாகத் தொப்பை மேல் விழுந்தது.

ஜர்னலில் அவன் விண்ணப்பம் வெளியாகும்வரை வக்கீலம்மா வாராவாரம் பார்த்தார். வெளியானதும் ஆட்சேபணை போனது, கூடவே எங்கள் பெயரில் ஒரு விண்ணப்பமும் போனது. நோட்டீஸ் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் அவன் பதில் கொடுக்க வேண்டும். பதில் வரவே இல்லை. கடைசியில், அவன் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதுவதாக உத்தரவு வந்தது. எங்கள் விண்ணப்பம் முன்னே நகர்ந்து, இந்த வருடம் பதிவும் கிடைத்தது. அந்த வட்டத்து ஆரை மனைவி தன் கையாலேயே புது ஸ்டிக்கரில் போட்டாள்.

என் படத்தைப் பார்த்துப் பயந்துதான் அவன் ஓடிவிட்டான் என்று நினைத்திருந்தேன். சாரல் தொடங்கியதும் குற்றாலம் போய்ப் பார்த்தால், கடையில் அவன் இல்லை. ஒரு அக்கா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே எங்கள் போர்டு. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. போன சீசன் ஏலத்திலேயே கடை அவன் கையை விட்டுப் போய்விட்டதாம். அவனுக்கு போன் போட்டேன்.

"கடை போயிருச்சே அண்ணாச்சி, அப்புறம் பேரு எனக்கெதுக்கு? அது அந்தக் கடையோடதுல்லா?" என்றான். அவன் இப்போது செங்கோட்டையில் செல்போன் கடை எடுத்திருக்கிறான். முன்பு அங்கே இருந்த பேக்கரியின் பெயர்தான் அதற்கும். அவன் என்னிடம் திருடவே இல்லை என்று கடைசிவரை நம்புகிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவிடம் பதிவுச் சான்றிதழைக் காட்டினேன். மாவுக் கையோடு எட்டிப் பார்த்து, "எனக்கு வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி. போர்டு கடையோட வந்தது. இதை அவுத்தா என் எண்ணெய்ச் சட்டில சாரல் விழும்லா?" என்றார். சட்டம் எண்ணெய்ச் சட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தென்காசிக்குத் திரும்பிப்போய் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிவந்து, நானே ஏறிக் கட்டிக்கொடுத்தேன். பிறகு ஃபிளெக்ஸைச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, குடை இல்லாததால் அதையே தலையில் போட்டுக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி பஸ் ஏறினேன்.

இப்போது அது எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. திடீரென்று தூறினால் காய்கிற எலுமிச்சை மேல் மனைவி அதை இழுத்துப் போடுகிறாள். எழுத்து வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. வாசிக்க வருவது காக்கைகள் மட்டும். அதில் ஒன்று நாலு நாளாக ரொம்ப உற்றுப் பார்க்கிறது. போர்டு மாடியோடு வந்தது என்று அதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று நானும் மாடியை விட்டு இறங்குவதில்லை.