முதல் கத்தி யாருக்கு

என் பேத்தியின் உதட்டில் ஒரு குறையும் இல்லை. அதுவே எங்களுக்குப் பெரிய தொல்லையாகப் போனது. உதடு பிளந்திருந்தால் பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவளுக்குப் பிளவு உள்ளே, அண்ணத்தின் பின்பாதியில். வெளியே தெரிவதெல்லாம் கொஞ்சம் சின்னத் தாடை, கொஞ்சம் பெரிய கண். "லட்சணமாத்தானே இருக்கு, இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, "எங்க, வாயைத் தொறக்கச் சொல்லுங்க பாப்போம்" என்பார்கள். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தவர்கள் மட்டும் ஆறு பேர்.

மரபணுவில் வந்த மாற்றம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அபூர்வமான அந்தக் குறைபாட்டுக்கு நாக்கில் புரளாத ஒரு பெயர் உண்டு. நான் அதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் உடனே தேடிப் பார்த்து, எந்த நாட்டுக் குழந்தையின் படத்தையோ எனக்கே அனுப்புகிறார்கள். தாடை, அண்ணம், கண், மூட்டு என்று நாலு இடத்தில் கை வைக்கும் சமாசாரம். மற்றதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அண்ணத்தைத் தைக்க வேண்டும், அதுவும் பேச்சு வருவதற்குள் தைக்க வேண்டும் என்றார் அறுவை சிகிச்சை செய்யும் அம்மாள். பிளவோடு பேசக் கற்றுக்கொண்டால் குரல் முழுக்க மூக்கு வழியாகவே போகும்; பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளை எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டவர்கள் பத்தொன்பது பேர். நாங்கள் அந்நியத்தில்தான் பெண் எடுத்தோம். மருமகளின் அப்பா செல்லூரில் தறி ஓட்டுகிறவர். இல்லை என்று நான் சொன்னதும் கேட்டவர் முகம் தொங்கிப்போகும். "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்துச்சா?" என்று மருமகளைப் பற்றிக் கேட்டவர்கள் பதினோரு பேர். அவர்களில் படித்தவர் ஒருவர்கூட இல்லை என்று எழுத ஆசைதான். ஒருவர் பல் டாக்டர்.

மகனுக்கும் மருமகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேரிடமும் அந்த மாற்றம் இல்லை. குழந்தையிடம் புதிதாக வந்தது என்று தெரிந்தது. அதுவரை நாங்கள் மருமகள் வீட்டுப் பெரியப்பாவின் தாடையைப் பற்றியும், அவர்கள் எங்கள் வீட்டு அத்தையின் சோடாபுட்டிக் கண்ணாடியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அவ்வளவும் வீணாயிற்று. சம்மந்தியால் தாங்க முடியவில்லை.

"அதெப்படி சம்மந்தி? உங்க பக்கமும் இல்ல, எங்க பக்கமும் இல்லன்னா, இது எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லைன்னுதானே சொல்றாங்க."

"அப்ப யாரைத்தான் வையிறது?" என்றார். நியாயமான கேள்விதான்.

அறுவை சிகிச்சைக்கு இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். ஒன்று, பத்து கிலோ எடை. குடிக்கிற பாலில் பாதி மூக்கு வழியாக வெளியே வந்துவிடுகிற குழந்தைக்குப் பத்து கிலோ என்பது லேசுப்பட்ட காரியமில்லை. மருமகள் அவளை நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன். வாரம் தவறாமல் நாகமலை புதுக்கோட்டை கடைத்தெருவில் மளிகைக் கடைத் தராசில் அவளை வைத்து நிறுப்பேன். "அண்ணே, துவரம்பருப்பு மாதிரி கொறஞ்சாக் கூட்டிப் போட முடியாதுண்ணே" என்பான் கடைக்காரன். அவன் சொல்கிற எடையை நம்பாமல் இன்னொரு முறை நிறுக்கச் சொல்வேன்.

இரண்டாவது நிபந்தனை, சளி இருக்கக்கூடாது. சின்னத் தாடை என்பதால் மயக்கம் கொடுக்கிறபோது மூச்சுக்குழாயில் டியூப் இறக்குவதே சிரமம். "ஆபரேஷன்ல எனக்குப் பயமில்ல சார், டியூப் போடுறதுலதான்" என்றார் மயக்க மருந்து டாக்டர். இவ்வளவு உண்மையை அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

பத்து கிலோவும் ஒருவழியாக வந்தது. தை மாதக் கடைசியில் தேதி கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயந்திரமே சம்மந்தி வந்து நின்றார்.

"ஆபரேஷனுக்கு முந்தி மொட்டை போட்டுரணும் சம்மந்தி."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். ஆபரேஷன் முடியட்டும்."

"முடிஞ்சப்புறமா? பிள்ளை உடம்புல படுற முதல் கத்தி சாமிக்குப் படணும். டாக்டரம்மாவுக்குக் குடுத்துட்டு மிச்சத்தைச் சாமிக்குக் குடுப்பீங்களா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான். என்ன வேடிக்கையென்றால், சாமி அவர்களுடையதில்லை, எங்களுடையது. கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலதெய்வத்துக்காகச் செல்லூர்க்காரர் வாதாடுகிறார், அந்தக் குலத்தில் பிறந்த நான் எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி, "நம்ம சாமிக்கு நம்மளை விட அவுகதான் ஆளு போல" என்றாள். அத்துடன் வழக்கு முடிந்தது.

மொட்டைக்கு இருபது பேரைக் கூப்பிட்டோம். நூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். ஆபரேஷனுக்கு முந்திப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. விடிகாலைப் பனியில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, தலையில் தண்ணீரைத் தெளித்து வழித்தார்கள். சந்தனத்தைக் குழைத்து அப்பினார்கள். பிறகு குழந்தை கை மாறியது. எத்தனை கை என்று முப்பத்தெட்டு வரை எண்ணினேன்; அதன் பிறகு கிடா அறுக்கிற இடத்தில் கூப்பிட்டதால் விட்டுப்போயிற்று. முத்தம் கொடுக்காதவர்கள் குறைவு. இருமிக்கொண்டே கொடுத்தவர் ஒருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்.

மூன்றாம் நாள் மூக்கு ஒழுகியது. ஆபரேஷன் தேதியில் மயக்க மருந்து டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி மேஜைமேல் போட்டார். "இந்தச் சளியோட நான் டியூப் போட மாட்டேன். ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க." அப்புறம் பளபளவென்றிருந்த தலையைப் பார்த்தார். "இதுக்கு அப்படி என்ன அவசரம்?"

சம்மந்தி பின்னால்தான் நின்றிருந்தார். முதல் கத்தி விவகாரத்தை டாக்டருக்கு விளக்குவார் என்று எதிர்பார்த்தேன். "வெயிலுக்கு" என்றார். தை மாதத்தில்.

சளியில் குழந்தை முக்கால் கிலோ குறைந்தது. அதற்குள் அவளுக்கு வாய் முளைத்துவிட்டது. எதையோ காட்டி ஏதோ சொல்வாள். எல்லாம் மூக்கு வழியாகப் போகும். எங்களுக்குப் புரியாது, அவளுக்குக் கோபம் வரும். பேச்சு வருவதற்குள் என்று அந்த அம்மாள் சொன்னது என் காதைவிட்டுப் போகவே இல்லை.

குறைந்த எடை திரும்ப ஏறி, இரண்டாவது தேதி கிடைத்ததும் வீட்டு நிர்வாகத்தை நான் கையில் எடுத்தேன். கேட்டைப் பூட்டினேன். பால்காரர் கேட்டுக்கு வெளியே, பேப்பர்காரர் கேட்டுக்கு வெளியே. மூக்கை உறிஞ்சிய கீரைக்காரம்மாவைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினேன். கலியாணப் பத்திரிகை கொண்டுவந்த சொந்தக்காரர்கள் நாலு பேரையும் மாஸ்க் போடவைத்து வாசலில் நிறுத்திப் பேசினேன். ஒருவர், "மாப்ள, நாங்க என்ன கொள்ளை நோயாடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வீட்டுக் கலியாணத்துக்கு இனி நான் போக முடியாது. சம்மந்தியைக்கூட மாஸ்க் போட்டும் உள்ளே விடவில்லை. பேத்தியை ஜன்னல் வழியாகத்தான் பார்த்துவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கையில் காலையில் காபி டம்ளரை எடுத்தேன். தும்மினேன். ஐந்து தும்மல்.

வீடே நின்றுவிட்டது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "தூசி" என்றேன். ஆறாவதாக ஒன்று வந்தது.

"ஊர் மூக்கையெல்லாம் கணக்கெடுத்தீக. உங்க மூக்கை விட்டுட்டீகளே" என்றாள் மனைவி, ஒரு மஞ்சள் பையில் என் வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டே.

எங்கே போவது? கதவுக்குப் பின்னாலிருந்து மருமகள் பேசினாள். "மாமா, எங்க அப்பா வீட்டுக்குப் போங்க. அவர் தனியாத்தான் இருக்கார்." நான் ஜன்னலோடு நிறுத்திய மனிதர், ஆட்டோவை வாசலிலேயே எதிர்கொண்டு பையை வாங்கிக்கொண்டார். "வாங்க சம்மந்தி. எங்க வீட்டுல கேட்டே கிடையாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வீட்டில் முன்கட்டு முழுக்கத் தறி. எட்டு விசைத்தறி, எல்லாம் துண்டு நெய்பவை; ஓட்ட நாலு ஆள். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதனால் அந்த நாலு நாளும் நாங்கள் சண்டையில்லாமல் இருந்தோம். இரண்டு வேளை மிளகு ரசம், ராத்திரி ஆவி பிடிக்க வெந்நீர். எல்லாம் அவர் கையால்.

ஆபரேஷன் அன்று காலையில் அவர் தறியை நிறுத்தவில்லை. "சும்மா உக்காந்தா நெஞ்சு அடைக்குது" என்றார். நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று மகன் செய்தி அனுப்பினான். டியூப் போட்டாயிற்றா என்று கேட்டு நான் ஒன்பது செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. ஓடுகிற தறியின் சத்தத்தை எண்ணிப் பார்த்தேன். எட்டும் எட்டு விதமாக அடிக்கின்றன, எண்ண வரவில்லை. சம்மந்தி அறுந்த நூலை முடிய உட்கார்ந்தார். முடிச்சு விழவில்லை. திரும்பத் திரும்ப அதே நூலை முடிந்துகொண்டிருந்தார்.

'டியூப் உள்ள போயிருச்சு' என்று ஒரு வரி வந்தது. போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் மகனே கூப்பிட்டான். நான் 'என்னது, என்னது' என்று கத்துவதைப் பார்த்துச் சம்மந்தி ஓடிப்போய் மெயினை இறக்கினார். எட்டுத் தறியும் நின்றன. தறிக்காரர்கள் நாலு பேரும் திரும்பினார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"நல்லபடியா முடிஞ்சுதுப்பா. தச்சாச்சு. முழிச்சுட்டா. கேக்குதா?"

கேட்டது. அடித்தொண்டையிலிருந்து, கரகரவென்று, யாரையோ வைகிற மாதிரி ஒரு அழுகை. போன் அதிர்ந்தது. நாங்கள் ஆறு பேரும் அந்தப் போனைச் சுற்றிக் குனிந்து நின்றோம். சம்மந்தி கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குத் தும்மல் வந்தது.

"அங்கிட்டுப் போங்க சம்மந்தி" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார், துண்டை எடுக்காமலே. "போன் வழியாப் போயிறப்போகுது."

நான் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தேன்.