படலையைத் தாண்டாத கிணறு

நேசன் அண்ணை போய்விட்டார். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில்.

செத்தவீட்டால் வந்து குளித்துவிட்டு இந்தப் பதிவை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. கிணறு அளக்கிறவர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பண்டத்தரிப்பிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கிணற்றுக்குள் அளவு நாடாவை விட்டு, நீர்மட்டத்தைப் படிவத்தில் எழுதிக்கொண்டு வருவார். மிஞ்சிய படிவங்களின் பின்பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கதை எழுதுவார்.

நான் படம் கீறுகிறவள். அவருக்கு வாய்த்த படக்காரி… பாவம் மனிதர்.

பண்டத்தரிப்பில் ஒரு தோட்டக் கிணறு. ஒருநாள் மத்தியானம் அளந்து எழுதிவிட்டு, வீட்டுக்காரர் கொடுத்த பிளேன் ரீயைக் குடித்துவிட்டுப் பார்த்தால், தண்ணீர் ஒரு முழம் கீழே நிற்கிறது. பக்கத்தில் எந்த மோட்டரும் ஓடவில்லை. திரும்ப அளந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதையும் அளந்தார்.

மூன்று அளவையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க, அவர் வேலை பார்த்த கந்தோரில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஒரு கிணற்றுக்கு ஒரு அளவுதானாம்.

அந்த வீட்டுச் சின்னப் பெட்டை, அப்போது இரண்டாம் ஆண்டு படித்தவள், பெரிய விஷயமே இல்லை என்பதுபோல் சொன்னாளாம். "மாமா, அது வெளியிலை போயிட்டு வாறது."

அவ்வளவுதான், மனிதருக்குக் கதை வந்துவிட்டது. ஆட்கள் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம் பார்த்து, பருத்தித்துறைக்குக் கடல் பார்க்கப் போகிற கிணறு. பஸ்ஸில் ஏறத் தெரியாது, வழி கேட்கவும் வெட்கம்… வழியில் அது காண்கிறதெல்லாம் அண்ணை தன் மோட்டார் சைக்கிளில் போய்க் கண்டவைதான்.

கீற முன்னர் நானும் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் என் ஸ்கூட்டியில் அவருக்குப் பின்னால் போனேன். இரண்டு மணித்தியாலம் கிணற்றடியில் நின்றோம். தண்ணீர் அசையவே இல்லை.

"அண்ணை, கிணறு இண்டைக்கு லீவு போலை."

"ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டா ஆர்தான் வெளிக்கிடுவினம்?"

"உது ஏன் நடக்குதெண்டு ஆரிட்டையும் கேக்கேல்லையே?"

"கேட்டனான். ஒருத்தருக்கும் தெரியேல்லை. தெரிஞ்சிருந்தா ரிப்போட் எழுதியிருப்பன், தங்கச்சி. தெரியாதபடியாத்தான் கதை எழுதினனான்."

புத்தகமாக அடிக்க எட்டுப் படம் வேண்டும். ஐந்தைக் கீறிக் கொடுத்தேன். ஆறாவதில் கிணறு படலையைத் தாண்டி றோட்டுக்கு வர வேண்டும். அங்கேதான் நின்றுவிட்டேன்.

கால் வைத்தேன், பகிடியாக இருந்தது. சில்லு வைத்தேன், தண்ணீர் பவுசர் லொறி மாதிரி வந்தது. "கிணறு எப்பிடி அண்ணை போகும்?" என்று போனில் கேட்டேன்.

"எனக்கும் தெரியாது. அவசரமில்லை, ஆறுதலாக் கீறுங்கோ."

பிறகு ஒரு ஸ்கூல் சுவருக்குப் படம், கல்யாண மண்டப வேலை, அம்மாவின் கண் ஆபரேஷன்… ஏதோ ஒன்று. மூன்று வருடம் போய்விட்டது. ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் அதையேதான் சொன்னார். அவசரமில்லை, தங்கச்சி.

அளக்கப் போகிற நேரமெல்லாம் அந்தப் பெட்டை ஓடிவந்து "மாமா, படம் எங்கை?" என்று கேட்கிறாளாம். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சரியான மோடச்சி நான்.

எங்கடை சனம் எப்படி என்று தெரியும்தானே. வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேண்டாம் என்றால், வேண்டும் என்றுதான் விளங்கிக்கொண்டு கேத்திலை அடுப்பில் வைப்போம். அவர் அவசரமில்லை என்றதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

கடைசியாகக் கதைத்தபோது குரல் அடைத்திருந்தது. தடிமன், சளிதான் என்றார். புற்றுநோய் என்று இன்றைக்குச் செத்தவீட்டில்தான் கேள்விப்பட்டேன். ஒன்றரை வருடமாகத் தெரியுமாம். ஒன்றரை வருடமாக அவசரமில்லை, அவசரமில்லை என்று…

அந்தப் பெட்டையும் தாயோடு வந்திருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். இது அவளுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை வருடம், கதைப் புத்தகத்துக்கு நேரம் ஏது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். படம் எங்கே என்று கேட்கவில்லை.

வெளிக்கிடும்போது அண்ணையின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அந்தக் கிணத்துக் கதையைக் கல்வெட்டிலை போடுவம். அதை ஒருக்கா அச்சிலை பாக்க வேணுமெண்டு சொல்லிக்கொண்டே கிடந்தவர். முப்பத்தொண்டுக்கு முன்னம் அடிச்சு முடிக்க வேணும். மிச்சப் படத்தைக் கெதியாக் கீறித் தாங்கோ, என்ன?"

கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடுகிற நினைவுப் புத்தகம். தேவாரம், வம்ச வரிசை, நன்றி நவிலல்… அதற்கு நடுவில் எங்கள் கிணறு. எல்லா வீட்டிலும் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கும். ஒரு பிள்ளையும் அதை எட்டி எடுக்கப் போவதில்லை.

"ஓம் அக்கா" என்றேன்.

ஆறாவது படம் இப்போது மேசையில் இருக்கிறது. படலை கீறியாயிற்று. றோட்டும் கீறியாயிற்று. கிணற்றுக்கு இடம் விட்டிருக்கிறேன். அது எப்படிப் போகும் என்று போன் எடுத்துக் கேட்க ஆள் இல்லை.

போயிட்டு வாங்கோ, அண்ணை. அவசரமில்லை எண்டு நீங்கள் சொன்னதை நான் நம்பிப்போட்டன்.

மன்னியுங்கோ.