குளத்தங்கரை மேட்டில் நின்ற மோட்டார்

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், சித்திரை வெயிலில், ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற வழியில் நடந்தது இது. நான் அப்போது ஒரு பண்ணையார் வீட்டில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டே பேர் உட்காரக்கூடிய, வேகத்துக்கென்றே செய்த சீமை வண்டி. அதை ஓட்டுவதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்று பண்ணையாரின் சின்ன மகளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் விசில் ஊதுவதுபோலச் சத்தம். வைத்தியர் கைவிரித்து, உடனே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். பண்ணையார் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, நான் வண்டியை விரட்டினேன்.

ஒரு குளத்தங்கரை மேட்டில் ஏறும்போது இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. கிளச்சை மிதித்து விட்டுப் பார்த்தேன். இன்ஜின் இன்னும் அலறியது, வண்டியோ மெல்லப் பின்னால் இறங்கியது. யாரோ இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிற மாதிரி. நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே பனைகளுக்கு நடுவில் சுடலைமாடன் பீடம். உச்சிவேளை. ஈ காக்கை இல்லை. காற்றே இல்லாமல் பனையோலை மட்டும் உரசிக்கொண்டிருந்தது.

"மாடன் வேட்டைக்குப் போற நேரம்வே. பிடிச்சு நிறுத்திட்டான்" என்றார் பண்ணையார்.

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். மாடன் மேல் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் முதுகு சில்லிட்டுத்தான் போயிற்று. வேலையில் கை வைத்தால் பயம் போகும் என்று காலடிப் பலகையைக் கழற்றினேன். அந்தக் கால கிளச்சு என்பது தோல் போர்த்திய ஒரு கூம்பு. இன்ஜினோடு சுற்றும் இரும்புக் குழியை அது இறுகக் கவ்வினால்தான் சக்கரம் சுற்றும். அந்தத் தோல் முழுவதும் எண்ணெய் மினுங்கியது. முகர்ந்து பார்த்தால் நல்லெண்ணெய்!

"ஐயா, இதுல யாரு எண்ணெய் ஊத்துனது?"

அவர் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதுவிட்டார். "நான்தான்வே. நீரு பெட்ரோல் எடுக்கப் போன நேரத்துல வண்டிக்கு எண்ணெய்க்காப்பு சாத்துனேன். பிள்ளைய நல்லபடியா கொண்டு சேக்கணுமேன்னு, சாமிக்குச் சாத்துத மாதிரி முடியில இருந்து அடி வரைக்கும்."

அடியில், அதாவது மிதியில் ஊற்றியது, பலகை இடுக்கு வழியே தோலுக்குள் இறங்கியிருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

பெட்ரோல் துணியால் தோலைத் துடைத்துக் காயவிட்டேன். ஊறிய எண்ணெயை உறிஞ்ச ஏதாவது பொடி வேண்டும். மணலைப் போட்டால் தோல் கிழியும். சாம்பல் கிடைத்தால் தேவலை. இருவருமே பீடத்தைப் பார்த்தோம். அதன் பக்கத்தில் பொங்கலிடுகிற கல் அடுப்பு இருந்தது.

"கேக்காம எடுக்கக் கூடாதுவே" என்றவர், பீடத்தைப் பார்த்துத் தானே சத்தமாகச் சொன்னார்: "பிள்ளைக்குத்தான்யா!"

அடுப்புக்குள் கை விட்டவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சாம்பல் சுட்டது. வெயில் படாத அடிச்சாம்பல், இப்போதுதான் தீ அணைந்ததுபோல. சுற்றிலும் புழுதியில் என் காலடியைத் தவிர வேறு தடம் இல்லை. கனல் கிடக்கிறதா என்று கிளறி, ஆறவைத்து, தோலில் தூவினேன். கிளச்சு கவ்விக்கொள்ள, வண்டி மேடேறியது. "திரும்பிப் பாக்காதேயும்" என்றார் பண்ணையார். சொல்லாவிட்டாலும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொண்டையில் குழாய் வைத்ததும் அந்த விசில் சத்தம் நின்றது. எங்கள் இருவருக்கும் உயிரே போய்விட்டது. பிறகுதான் பிள்ளை அமைதியாக மூச்சு விடுவது தெரிந்தது.

பின்னொரு நாள் அந்தக் கோயில் பூசாரியிடம் விசாரித்தேன். "போன கொடைத் திருநாளுக்குப் பொறவு அங்கன யாரும் தீ மூட்டலையே" என்றார்.

வண்டி ஏன் நின்றது என்று கேட்பவர்களுக்கு இப்போதும் விளக்கமாகச் சொல்லுவேன். அந்த அடுப்பை யார் மூட்டினார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது; ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை இல்லவே இல்லை என்று சொல்ல, அன்றிலிருந்து வாய் வருவதில்லை.