நூராவின் முதுகு

கோபம் வந்தால் பழனிச்சாமிக்குப் பேச்சு நின்றுவிடும். போட்டி நாளன்று விடிந்ததிலிருந்து அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தாராபுரத்துக்காரர். ஷார்ஜா ஓரத்துக் குதிரைப் பண்ணையில் ஒன்பது வருட வேலை. நூரா என்ற பெண்குதிரை அவர் பொறுப்பு. அதில் சவாரி பழகுபவள் பதினாறு வயது அனன்யா. கௌபாய் பாணிப் போட்டி அது. குதிரையின் நடையோடு உடுப்பும் சேணமும் எடுப்பாக இருக்க வேண்டும். இந்த வருட மோஸ்தர், மயில்நீலச் சட்டை நிறையக் கல் பதித்து, அதே நிறத்தில் சேணத்துக்கு அடியில் விரிப்பு, சேணத்தின் மூலைக்கு மூலை வெள்ளித் தகடு. அனன்யாவின் அம்மா பத்மா போனில் படம் பார்த்து எல்லாவற்றையும் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துவிட்டார். குதிரையை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நூராவுக்குத் தோள் அகலம். புதுச் சேணம் முன்பக்கம் குறுகல். பத்தே நாளில் முதுகில் மயிர் உதிர்ந்து புண் கண்டது. பழனிச்சாமி பயிற்சியாளர் மஹ்மூதிடம் காட்டினார். “மாஃபி முஷ்கில், ஒன்றும் பிரச்சினை இல்லை, பாய். போட்டி முடியட்டும்” என்றார் அவர். வலியில் நூரா பின்னங்காலை உதறியபோது, திமிர் என்று சாட்டையால் இரண்டு அடி போட்டவரும் அவர்தான். அன்று மூண்ட கோபம் பழனிச்சாமிக்கு அடங்கவே இல்லை.

மைதானத்தில் பத்மா வந்து நின்றார். “இன்னும் சேடில் போடலையா? அடுத்தது நாமதான்.”

“பழைய சேடில் போடறேனுங்க மேடம். இது தோளைக் கவ்வுதுங்க.”

“அந்த அழுக்கையா? போட்டோல எப்படி இருக்கும்? ஏழு நிமிஷம்தானே, தாங்காதா?”

பழனிச்சாமி நூராவின் முதுகில் கிடந்த விரிப்பைத் தூக்கிக் கீழே எறிந்தார். “பாப்பா, இங்க கை வெச்சுப் பாரு.”

அனன்யா தொட்டாள். நூராவின் உடம்பு மொத்தமும் நடுங்கியது. அவள் விரலில் சீழும் ரத்தமும். “அம்மா, இட்ஸ் ப்ளீடிங்!”

“வாயை மூடு” என்றார் பத்மா. “ஜல்தி, ஜல்தி!” என்று மஹ்மூது சேணத்தோடு ஓடி வந்தார்.

அதற்குள் பழனிச்சாமி குதிரையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, போட்டிக் கால்நடை மருத்துவரிடம் போய் நிறுத்திவிட்டார். மருத்துவர் முதுகைப் பார்த்தார். நூராவைப் போட்டியிலிருந்து விலக்கினார்.

“கலாஸ், முடிந்தது!” என்று மஹ்மூது கத்தினார். “இந்தப் பண்ணையில் இனி உனக்கு வேலை இல்லை.”

“அந்தச் சாட்டையை நீயே வெச்சுக்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார் பழனிச்சாமி.

விசா கொடுத்த முதலாளியான கஃபீல் அவரை துபாய் அல் குசைஸில் இருந்த தன் கிடங்குக்கு மூட்டை இறக்க அனுப்பினார். இரண்டாம் வாரம் அனன்யா போன் செய்தாள். “அங்கிள், நூரா காயத்துக்கு என்ன பண்ணணும்? இப்ப யாரும் பார்க்கறதில்ல.”

உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், புண் ஆறி மயிர் முளைக்கும்வரை முதுகில் துணிகூடப் படக் கூடாது என்றார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

“உங்கம்மா கேட்டா?”

“நான்தான் இப்ப டெய்லி போறேன். அம்மா என்கிட்ட பேசறதில்ல.”

“சரி” என்று போனை வைத்தார். அவளிடம் கோபமில்லை. மற்ற இருவர் மீதும் அது அப்படியே இருந்தது. அடுத்த மூட்டையை ஓங்கிப் போட்டார்.