கோவிந்தப்பாவின் ஜீப் எந்தப் பக்கமாக வருகிறது

“மேற்படி நபர் அமைதியான சுபாவம் உடையவர். இவரால் பொது ஒழுங்குக்கு எவ்விதக் குந்தகமும் நேர்ந்ததில்லை, இனி நேரும் என்று கருதவும் இடமில்லை.”

ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் கார் ஓட்டுநர் வேலைக்காக, ஜோகுபாளையம் கோவிந்தப்பாவுக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த சான்றிதழின் வாசகம் இது. கொடுத்தபோது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. போலீஸ்காரர் எதிரே வந்தால், தலைக்கவசம் அணிந்து நடந்துபோகும்போதுகூடத் தப்பு செய்தவர் மாதிரி விழிக்கிற ஒருவர் உண்டென்றால், அது கோவிந்தப்பாதான். அப்படிப்பட்டவர், காவல் துறை ஏலத்தில் விட்ட பழைய ரோந்து ஜீப்பை வாங்கினார். அதன் பிறகு அவர் ஒரு தெருவையே தினம் மாலை காலி செய்துகொண்டிருந்தார், ஒருவரையும் தொடாமல்.

வாங்கியதற்குக் காரணம் குடும்பம். மனைவி லட்சுமம்மா, மகள் வீணா, சின்னவள் விஜி, அவர் ஆக நான்கு பேரும் ஒரு ஸ்கூட்டரில் போகும் கலையை இருபது வருஷமாகப் பயின்றும் தேர்ச்சி பெறவில்லை. தவிர, லட்சுமம்மாவுக்குப் பஜ்ஜிக் கடை. கடை வீதியில், பாதாம் மரத்தடியில், தெருவிளக்குக்கு நேர் கீழே அவர் இடம். சிலிண்டர், வாணலி, மேஜை எல்லாவற்றையும் தினமும் ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டும். ஒரு ஜீப் இருந்தால் மாலையில் கடை, ஞாயிற்றுக்கிழமை குடும்பம்.

வண்டியைக் குடும்பத்துக்கு ஏற்றதாக மாற்றுவதில் கோவிந்தப்பா மனப்பூர்வமாக இறங்கினார். ஜன்னல்களில் இருந்த கம்பி வலையைக் கழற்றினார். பின்னால் கைதிகள் உட்கார்ந்த இரும்புப் பலகைகள் மேல் அத்திபெலேயில் வாங்கிய மெத்தை போட்டார். வெளியே கத்திரிக்காய் நிறத்தில் பெயிண்ட், உள்ளே பூப்போட்ட திரை. கூரையில் சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை. மழை பெய்தால் அது சரியாக லட்சுமம்மாவின் உச்சி வகிட்டில் சொட்டியது. சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் மூடியை எடுத்து, பசை தடவி ஒட்டினார். மூடிக்கு உரிய பாத்திரம் அன்று முதல் திறந்தே இருக்கிறது.

கடைசியாக, ரிவர்ஸ் கியர் போட்டால் பாட்டு வரும் கருவி ஒன்றும் பொருத்தினார். திருவிழாவுக்கும் சேராத, கல்யாணத்துக்கும் சேராத ஒரு மெட்டு.

“அப்பா, இதை எடுத்துடுப்பா. காலேஜ் வாசல்ல ரிவர்ஸ் போட்டீங்கன்னா நான் பேரு மாத்திக்கணும்” என்றாள் வீணா.

“இருக்கட்டும்மா. சேஃப்டி.”

முதல் மாலை, லட்சுமம்மா முன்னமே ஆட்டோவில் போய்க் கடை போட்டிருந்தார். புதுக் கோலத்தில் வண்டியைக் காட்டி அசத்த வேண்டும் என்று கோவிந்தப்பா தனியாக வந்தார். தெருவுக்குள் திரும்பியதுதான் தாமதம், முனையில் மசாலா பூரி விற்கும் நோயல் கரண்டியால் சட்டியை இரண்டு தட்டுத் தட்டினான். அது அந்த வரிசையின் சட்டம்: இரண்டு தட்டு என்றால் ரோந்து. நைட்டி விற்கும் பிரிஸில்லா கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். நாற்பது நைட்டியும் கோணிக்குள் போயின. தள்ளுவண்டிகள் உருண்டன. லட்சுமம்மா கொதிக்கும் வாணலியோடு சந்துக்குள் மறைந்தார்.

எல்லோரும் ஓடுவதைப் பார்த்த கோவிந்தப்பாவுக்கு ரத்தம் சுண்டிவிட்டது. பின்னால் போலீஸ் வருகிறது! வண்டியை நடுத்தெருவில் நிறுத்தினார், இறங்கினார், கூட்டத்தோடு கூட்டமாக ஓடினார். சந்தில் மூச்சு வாங்க நின்றபோது பக்கத்தில் மனைவி.

“யாரு வந்தது லட்சுமி? பாத்தியா?”

லட்சுமம்மா சந்தின் வழியே தெருவை எட்டிப் பார்த்தார். காலியான தெருவில் கத்திரிக்காய் நிற ஜீப் ஒன்று கதவைத் திறந்துபோட்டு நின்றது.

“யோவ். நீதான்யா வந்த.”

விஷயம் நிறத்தில் இல்லை. எட்டு வருஷமாக அந்த வட்டாரத்தை ரோந்து சுற்றிய வண்டி அதுதான். ஏறும்போது இருமும், இறங்கும்போது பெருமூச்சு விடும், பள்ளத்தில் அதன் பின்கதவு ஒரு கீச்சு வைக்கும். போலீஸைக் கண்ணால் பார்த்து ஓடுகிறவர் அந்தத் தெருவில் புது வியாபாரி. பழையவர்களுக்குக் காது போதும். லட்சுமம்மா பழையவர்.

அடுத்த நாளும் அதே கதை. கோவிந்தப்பா என்று தெரியும்தான். ஆனால் காதுக்கும் காலுக்கும் நடுவில் மூளை குறுக்கிடும் அளவுக்கு அங்கே யாருக்கும் அவகாசம் இல்லை. ஓடி முடித்த பிறகே திட்ட ஆரம்பித்தார்கள்.

“கோவிந்தண்ணா, பூரியெல்லாம் ரோட்ல. உங்க வண்டி கொஞ்சம் மெதுவா இருமக்கூடாதா?” என்றான் நோயல்.

மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் காதைப் பானெட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, “குரு, இந்தச் சத்தத்த எடுத்தா வண்டியில வேற எதுவும் மிஞ்சாது” என்றார்.

நான்காவது முறை வரிசை கலைந்த அன்று, பிரிஸில்லா நைட்டிகளை உதறிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். வரிசைக்கு அவர்தான் தலைமை. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை.

“லட்சுமிக்கா, கோச்சுக்காதீங்க. சனிக்கிழமைக்குள்ள அந்த ஜீப் இங்க வர்றத நிறுத்துங்க. இல்லன்னா நீங்க மோரிக்கு அந்தப் பக்கம் போயிடுங்க.”

மோரி என்றால் அங்கே சாக்கடை. அதற்கு அந்தப் பக்கம் விளக்கும் கிடையாது, வாங்குகிறவர்களும் கிடையாது. பாதாம் மரத்தடியைப் பிடிக்க லட்சுமம்மாவுக்கு ஆறு மழைக்காலம் ஆகியிருந்தது.

“வண்டிய வித்துடு” என்றார் அன்றிரவு சாப்பாட்டின்போது.

“நாலு பேரும் ஒண்ணா போனோமே லட்சுமி, உன் தங்கச்சி வீட்டுக்கு...”

“போனோம். நல்லாத்தான் இருந்துச்சு.” ரசத்தை ஊற்றினார். “எனக்கு மரத்தடி வேணும்.”

விற்பதற்கு ஆள் பார்ப்பதாகச் சொன்னார் கோவிந்தப்பா. பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தெரு முனையில் ஜல்லி லாரி குறுக்கே நின்றது. சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போனார். அங்கே நேராக உள்ளே போனால் வண்டியைத் திருப்பி வெளியே வர இடமில்லை. பின்பக்கமாகவே தெருவுக்குள் வந்தார். ஜீப் இருமியது, கீச்சிட்டது, கூடவே அந்தக் கண்றாவி மெட்டும் முழங்கியது. கோவிந்தப்பா கண்ணை மூடிக்கொள்ள விரும்பினார்; ரிவர்ஸில் அது முடியாது.

ஒருவரும் ஓடவில்லை. நோயல் பூரியை நொறுக்கிக்கொண்டிருந்தான். பிரிஸில்லா ஒரு நைட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏன்டா ஓடல?” என்று இறங்கியதும் கேட்டார், சற்று ஏமாற்றத்தோடு.

நோயல் யோசித்தான். “பாட்டுப் பாடிக்கினு, முதுகைக் காட்டிக்கினு எந்த போலீஸ்ணா வரும்?”

அன்று முதல் கோவிந்தப்பா தெரு முழுவதையும் ரிவர்ஸிலேயே கடந்தார். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. லட்சுமம்மா பஜ்ஜி எண்ணெயைத் தவிர மற்ற எல்லா எண்ணெயும் தேய்த்துப் பார்த்தார். சனிக்கிழமை வந்தது, போயிற்று. பிரிஸில்லா வாயைத் திறக்கவில்லை. அவர் மன்னிக்கும் முறை அதுதான்.

பழையதை விற்ற துறை புதியதை வாங்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை. அடுத்த வாரம் வந்த புது ரோந்து வண்டி பூனை மாதிரி வந்தது. இருமல் இல்லை, கீச்சு இல்லை. நோயல் தலையைத் தூக்கியபோது வண்டியின் பானெட் அவன் பூரிச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் அடுப்பு போயிற்று, பிரிஸில்லாவின் ஒரு மூட்டை போயிற்று. லட்சுமம்மாவின் மேஜை போயிற்று.

“அந்தப் பழைய சனியனே தேவலாம். வர்றேன்னு சொல்லிட்டு வரும்” என்றார் பிரிஸில்லா, கோவிந்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

ஆனால் கோவிந்தப்பா அவர் முகத்தைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, வண்டியில் புது மேஜையோடு வந்துகொண்டிருந்தபோது, மெயின் ரோட்டு டீக்கடையில் அந்தப் புது வண்டி நிற்பதைக் கண்டார். சந்து வழியாகப் புகுந்து, தெருவுக்குள் நேராக, முன்பக்கமாக, பள்ளம் பார்த்து ஏற்றி இறக்கி ஓட்டினார். இருமல், பெருமூச்சு, கீச்சு. இரண்டு தட்டு விழுந்தது. நாற்பது நைட்டியும் கோணிக்குள் போயின.

சற்று நேரத்தில் ரோந்து பூனை நடையில் வந்தபோது தெரு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மிளகாய் பஜ்ஜி வாசனையை மட்டும் அப்புறப்படுத்த முடியவில்லை. கான்ஸ்டபிள் ஒருவர் இறங்கி வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏன்ரீ, இது நம்ம பழைய வண்டிதானே?”

“ஆமா சார்.”

“நல்லா வெச்சிருக்கீங்க.” பானெட்டை மாட்டைத் தட்டுவது போலத் தட்டினார். “மேல என்ன அது?”

“பாத்திர மூடி சார்.”

கான்ஸ்டபிள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இங்க கடையெல்லாம் போடுவாங்களே, யாரையும் காணோம்?”

“தெரியல சார். நான் இப்பத்தான் வந்தேன்.”

அது பொய்யும் இல்லை. ரோந்து போனதும் கோவிந்தப்பா தெருக்கோடி வரை ஜீப்பை ஓட்டிப்போய், மெட்டு முழங்க, பின்பக்கமாகத் திரும்பி வந்தார். சந்துகளிலிருந்து வரிசை வெளியே வந்தது. புது மேஜை பாதாம் மரத்தடியில் இறங்கியது. பிரிஸில்லா தன் கையாலேயே அதன் ஒரு காலைப் பிடித்து இறக்கினார்.

ரோந்து வரும் நாளில் கோவிந்தப்பா அந்தத் தெருவுக்குள் முன்பக்கமாக வந்தார். வராத நாளில் பின்பக்கமாக வந்தார்.